கைதட்டலும் மறுநாளும்: நடக்க உதவும் ரோபோ கருவிகளுக்குக் கிடைத்த வரவேற்பின் வரலாறு

நடக்க முடியாதவரை நடக்கவைக்கும் இயந்திரம் பற்றிய செய்தி எந்த நாட்டிலிருந்து வந்தாலும் படம் ஒன்றுதான். சக்கர நாற்காலியிலிருந்து ஒருவர் எழுகிறார். சுற்றி நிற்பவர்கள் கண்கலங்கக் கைதட்டுகிறார்கள். கடந்த 40 ஆண்டுகளில் இந்தக் கருவிகளுக்குக் கிடைத்த வரவேற்பை வரிசையாகப் பார்க்கும்போது, பார்த்தவர்களின் மகிழ்ச்சிக்கும் அணிந்தவர்களின் மதிப்பீட்டுக்கும் இடையே பெரிய இடைவெளி தெரிகிறது. பார்த்தவர்களுக்கு அந்த முதல் அடி போதுமானதாக இருந்தது. அணிந்தவர்களுக்கு மறுநாள் காலையில் அந்தக் கருவி என்ன செய்யும் என்பது முக்கியமாக இருந்தது. அணிந்தவர்களின் இந்தக் கேள்வி பொது விவாதத்துக்குள் எவ்வளவு தாமதமாக, எந்த வழிகளில் நுழைந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

தொடக்க காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ரஷ்யாவின் நிகோலாஸ் யாகின் 1890-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற சாதனம் நடை, ஓட்டம், தாவல் ஆகியவற்றை எளிதாக்குவதற்கானது. 1960-களின் பிற்பகுதியில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் உருவாக்கிய ‘ஹார்டிமேன்’ சுமார் 680 கிலோ எடை கொண்டது. பாரம் தூக்குவதற்காக வடிவமைக்கப்பட்ட அதில் ஒரு கை மட்டுமே ஒழுங்காக இயங்கியது. ஊனமுற்றோருக்காகவே சிந்தித்த முதல் பெரிய முயற்சி பெல்கிரேடில் நடந்தது. மிஹாய்லோ பூபின் நிறுவனத்தில் மியோமிர் வுகோப்ராடோவிச்சின் குழு 1969 முதல் நடைக்கருவிகளைக் கட்டி, அந்நகரின் எலும்பியல் மருத்துவமனையில் நோயாளிகளிடம் சோதித்தது. இவை எவையும் மக்கள் பார்வைக்குப் பெரிதாக வரவில்லை. ஆய்வுக்கூடத்துக்குள் இருந்தவரை கைதட்டலும் இல்லை, கண்டனமும் இல்லை.

திருப்பம் 1983 ஜூனில் வந்தது. ஓஹியோ மாநிலத்தின் ரைட் ஸ்டேட் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில், விபத்தொன்றில் கால்கள் செயலிழந்த நேன் டேவிஸ் என்ற மாணவி சில அடிகள் நடந்து பட்டம் பெற்றார். ஜெரால்டு பெட்ரோஃப்ஸ்கியின் குழு அமைத்திருந்த கணினி, அவருடைய தசைகளுக்கு மின்தூண்டல் கொடுத்தது. இருபுறமும் ஆட்கள் தாங்கிக்கொண்டார்கள். கண்டிப்பாகச் சொன்னால் அது ரோபோ அல்ல. ஆனால் பிற்கால ரோபோ கருவிகளுக்குக் கிடைத்த வரவேற்பின் அச்சு அங்கேதான் வார்க்கப்பட்டது. தேசியத் தொலைக்காட்சி அவரைத் தேடி வந்தது. 1985-இல் அவர் கதை தொலைக்காட்சிப் படமானது. பொய்யான நம்பிக்கை வளர்க்கப்படுகிறது என்று ஆய்வாளர் சிலர் அப்போதே எச்சரித்தார்கள். அந்த எச்சரிக்கையைக் கேட்க ஆள் இல்லை.

நடக்க முடியாதவர்களின் தரப்பிலிருந்து முறையான மறுப்பு 1993-இல் எழுந்தது. மைக் ஆலிவர் பிரிட்டனின் முதல் ஊனமியல் பேராசிரியர். 1962-இல் நீச்சலுக்குக் குதித்தபோது கழுத்து முறிந்து, அன்று முதல் சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். கிரீனிச் பல்கலைக்கழகத்தில் தம் பேராசிரியர் பதவியேற்பு உரைக்கு, நடப்பதில் அப்படி என்னதான் சிறப்பு என்று கேட்கும் தலைப்பை வைத்தார். நடப்பவர்களின் உலகம் தன் பழக்கத்தையே இயல்பு என்று கருதி, அதற்குள் எல்லாரையும் நிறுத்திவிட முயல்கிறது என்பது அவர் வாதம். படிக்கட்டை மாற்றாமல் மனிதரை மாற்ற ஏன் இவ்வளவு செலவு என்ற கேள்வியும் அதில் அடங்கியிருக்கிறது. நடக்க விரும்புகிறவரின் ஆசையை அவர் சற்றுக் குறைத்தே மதிப்பிட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் கைதட்டலையே ஆய்வுப் பொருளாக்கியவர் அவர்தான்.

2000 ஜனவரியில் சர்ச்சை வரவேற்பறைக்குள் வந்தது. குதிரையிலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்திருந்த ‘சூப்பர்மேன்’ நடிகர் கிறிஸ்டோபர் ரீவ் எழுந்து நடப்பதுபோல் கணினி வரைகலையில் அமைத்த விளம்பரம் ஒன்று அமெரிக்கக் கால்பந்தின் சூப்பர் பவுல் இறுதி ஆட்டத்தின்போது ஒளிபரப்பானது. அவருக்கு எப்படிக் குணமானது என்று விசாரித்தவர்களும் உண்டு. மருத்துவக் கல்லூரி நாட்களிலேயே தண்டுவடம் முறிந்த பத்தி எழுத்தாளர் சார்லஸ் கிரௌத்தமர் ‘டைம்’ இதழில் அதைக் கடுமையாகக் கண்டித்தார்: இன்று காயம்பட்ட இளைஞர், நாளை வந்துவிடும் என்று சொல்லப்படும் சிகிச்சைக்காகக் காத்திருந்து இன்றைய வாழ்க்கையைக் கட்டியெழுப்பத் தவறிவிடுவார் என்பது அவர் அச்சம்.

இத்தகைய கருவிகள் யாருக்காகவோ அவர்களிடமே நேரடியாகக் கேட்ட ஆய்வு 2004-இல் வெளியானது. கிம் ஆண்டர்சன், தாமும் தண்டுவடக் காயம் பட்டவர், அதே நிலையில் உள்ள 681 பேரிடம் எந்தச் செயல்பாடு திரும்பினால் வாழ்க்கை மிகவும் மேம்படும் என்று கேட்டார். கை கால் நான்கும் செயலிழந்தவர்கள் கை, விரல்களின் இயக்கத்தை முதலில் வைத்தார்கள். கால்கள் மட்டும் செயலிழந்தவர்கள் பாலுறவுச் செயல்பாட்டை முதலில் வைத்தார்கள். சிறுநீர், மலக் கட்டுப்பாடு இரு தரப்பிலும் முக்கிய இடம் பெற்றது. நடை இரு பட்டியல்களிலும் முதலிடத்தில் இல்லை. கதீட்டர் மாற்றுவது, படுக்கைப்புண் வராமல் பார்ப்பது, பொதுக் கழிப்பறையில் கதவு அகலம் போதாமல் திரும்புவது என்று நாள் கழிகிறவருக்கு இந்த வரிசை வியப்பளிக்காது. விழாக் கூட்டத்துக்குத்தான் அது புதிய செய்தி.

ரோபோ கருவிகள் சந்தைக்கு வந்தது இந்தப் பின்னணியில்தான். 1997-இல் விபத்தில் கை கால்கள் செயலிழந்த இஸ்ரேலியப் பொறியாளர் அமித் கோஃபர் ‘ரீவாக்’ கருவியை உருவாக்கினார். இடுப்பிலும் முழங்காலிலும் மோட்டார்கள், முதுகில் பை, மணிக்கட்டில் கைக்கடிகாரம் போன்ற கட்டுப்பாட்டுக் கருவி. அதில் ‘எழு’ அல்லது ‘நட’ என்பதைத் தேர்ந்து, ஊன்றுகோல்களில் பாரம் கொடுத்து மேலுடலை முன்னே சாய்த்தால் உணரி அதை அறிந்து ஒரு காலை எடுத்து வைக்கிறது. ஒவ்வோர் அடிக்கும் ஒரு சாய்வு. இரண்டு கைகளுக்கும் ஊன்றுகோல் வேண்டும் என்பதால் தேநீர்க் கோப்பையைக்கூட ஏந்த முடியாது. கைகளில் வலு இல்லாத கோஃபருக்கே அது பயன்படவில்லை. நின்றபடி நகரும் சக்கர நாற்காலிக்குப் பிற்பாடு அவர் திரும்பினார். 2019-இல் சென்னை ஐ.ஐ.டி. ‘அரைஸ்’ என்ற நிற்கவைக்கும் சக்கர நாற்காலியை வெளியிட்டபோதும் அடிப்படைக் கணக்கு இதுவே: நிற்பதன் உடல்நலப் பயனைக் குறைந்த செலவில் கொடுப்பது.

கூட்டத்தின் அன்பு உச்சத்தைத் தொட்டது 2012-இல். குதிரையேற்ற விபத்தில் கால்கள் செயலிழந்த கிளேர் லோமாஸ் ரீவாக் அணிந்து லண்டன் மாரத்தானை 16 நாட்களில் முடித்தார். அதே நாளில் முடிக்காதவர்களுக்குப் பதக்கம் இல்லை என்றனர் அமைப்பாளர்கள். ஓடி முடித்த பலர் தங்கள் பதக்கங்களை அவருக்கு அனுப்பினார்கள். இந்தப் பரிவு போலி அல்ல. லோமாஸ் அதைத் தண்டுவட ஆய்வுக்கு நிதி திரட்டும் பலமாக மாற்றினார். பிறரின் உணர்ச்சியைத் தம் நோக்கத்துக்குப் பயன்படுத்தியவர் அவர், அதன் கையில் பொம்மையாகவில்லை.

2014 ஜூன் 12-இல் சாவோ பாவ்லோவில் நடந்தது வேறு. உலகக் கோப்பைக் கால்பந்துத் தொடக்க விழாவில், மிகேல் நிகோலெலிஸ் குழுவின் மூளையலையால் இயங்கும் கருவியை அணிந்த ஜூலியானோ பிந்தோ பந்தை உதைத்தார். ஆடுகளத்தின் ஓரத்தில் நிகழ்ந்த அந்த உதையைத் தொலைக்காட்சி சில நொடிகள்தான் காட்டியது. இவ்வளவு பொதுப்பணம் இதற்கா என்று ஒரு சாரார் கேட்டனர். இவ்வளவு பெரிய சாதனைக்குச் சில நொடிகளா என்று மறுசாரார் கொதித்தனர். இரு தரப்பும் சண்டையிட்டது காட்சியின் நீளத்தைப் பற்றி. அதே குழு 2016-இல் வெளியிட்ட ஆய்வில், 12 மாதப் பயிற்சிக்குப் பின் 8 பேரிடம் உணர்வும் தசைக் கட்டுப்பாடும் ஓரளவு திரும்பியது பதிவானது. மருத்துவ நோக்கில் அதுவே பெரிய செய்தி. அதற்கு அரங்கம் இல்லை.

அதே 2014 ஜூனில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ரீவாக் கருவியை வீட்டு உபயோகத்துக்கு அனுமதித்தபோது, பயிற்சி பெற்ற துணையாள் உடனிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் விதித்தது. ஜப்பானில் யோஷியூகி சங்காயின் ‘ஹால்’ கருவி 2015-இல் மருத்துவச் சாதனமாக அங்கீகாரம் பெற்று, மறு ஆண்டு சில நரம்பு-தசை நோய்களுக்குக் காப்பீட்டிலும் சேர்ந்தது. அங்கே அது சிகிச்சை. நாள் முழுதும் அணியும் கால் அல்ல. அதனால் அற்புதத்தை எதிர்பார்ப்பதும் ஏமாறுவதும் குறைந்தன என்று கருத இடமுண்டு.

2016 அக்டோபரில் சூரிக் அருகே க்ளோட்டனில் ராபர்ட் ரீனர் தொடங்கிய, உதவிக் கருவிகளைப் பயன்படுத்தும் ஊனமுற்றோருக்கான ‘சைபத்லான்’ போட்டி, பார்வையாளரின் கண்ணையே திருப்பியது என்பேன். அங்கே பந்தயம் வேகத்தைப் பற்றியது மட்டும் அல்ல. தாழ்வான சோபாவிலிருந்து எழுவது, சரிவில் ஏறுவது, கதவைத் திறந்து கடப்பது, படியேறுவது என அன்றாடம்தான் தேர்வு. சோபாவிலிருந்து எழ ஒருவர் திணறியபோது அரங்கமே மூச்சடக்கிப் பார்த்தது. முதன்முறையாகப் பார்வையாளரும் அணிபவரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

2024 இந்த வரலாற்றில் நெருக்கடியான ஆண்டு. ஜனவரி முதல் அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேர் இக்கருவிகளைக் காலிப்பர் போன்ற தாங்கி வகையில் சேர்த்தது. பின்னர் ஒரு கருவிக்கு 91,032 டாலர் என விலை நிர்ணயித்தது. அதே ஆண்டு வெளியான, முன்னாள் படைவீரர் 161 பேரிடம் நடந்த சோதனையில், வீட்டில் கருவி வைத்திருந்தவர்களின் மனநலம், சக்கர நாற்காலி மட்டும் வைத்திருந்தவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு மேம்படவில்லை. அதே காலத்தில், ரீவாக் அணிந்து நடந்துவந்த முன்னாள் குதிரைப் பந்தய வீரர் ஒருவர், அதன் மணிக்கட்டுக் கருவியின் சிறு மின்கலப் பழுதைச் சரிசெய்யத் தயாரிப்பாளர் முதலில் மறுத்துவிட்டதாகப் பொதுவெளியில் சொன்னார். கருவி பழையது, ஆதரவுக் காலம் முடிந்தது என்பது பதில். மக்கள் கொதித்தெழுந்த பிறகு பழுது சரிசெய்யப்பட்டது. கூட்டம் திரண்டது ஒரு நட்டு, ஒரு கம்பி, ஓர் உத்தரவாதம் ஆகியவற்றுக்காக. ஒரு கருவியை நம்பி அன்றாடத்தை அமைத்துக்கொண்டவருக்கு உண்மையில் வேண்டிய பொதுமக்கள் ஆதரவு இதுதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

2025 தொடக்கத்தில் சீனாவின் தாய் மலையில், சுமார் 7,000 படிகளை ஏறும் சுற்றுலாப் பயணிகளுக்கு 1.8 கிலோ எடையுள்ள இடுப்புக் கருவிகள் வாடகைக்குக் கிடைத்தன. கால் லேசாகிறது என்று மகிழ்ந்தவர்கள் உண்டு. மின்கலம் தாங்கவில்லை, உடம்பில் இடைஞ்சலாக இருக்கிறது என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. எடை, மின்கலம், அணிந்து கழற்றும் தொல்லை ஆகியவற்றைத் தண்டுவடக் காயத்தினர் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். ஆரோக்கியமான கால்கள் உள்ள வாடிக்கையாளர் சொன்னதும் அது வடிவமைப்பைத் திருத்த உதவும் கருத்தாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. எழுந்து நின்றவர் சொன்னபோது, இத்தனை பேர் கைதட்டியும் நிறைவடையாதவரின் குறையாகவே அது கேட்கப்பட்டது.