ஜனவரி 7: கம்போடியாவில் முடியாத வழக்கு

1979 ஜனவரி 11 அன்று நியூயார்க்கில் ஐ.நா. பாதுகாப்பு அவையில் நொரோடம் சிஹானுக் பேச எழுந்தார். சில நாட்களுக்கு முன்புவரை அவர், கம்போடியாவை ஆண்ட கம்யூனிஸ்ட் இயக்கமான கெமர் ரூஜின் கைதி. புனோம் பென் அரண்மனையிலேயே காவலில் வைக்கப்பட்டிருந்த முன்னாள் மன்னர். அவருடைய பிள்ளைகளில் ஐந்து பேரும் பேரப்பிள்ளைகளில் பதினான்கு பேரும் அந்த ஆட்சியில் மாண்டுபோயிருந்தார்கள். வியட்நாம் படை தலைநகரை நெருங்கியதும் அவரைச் சீன விமானத்தில் ஏற்றி பெய்ஜிங்குக்கு அனுப்பிவைத்ததும் அதே கெமர் ரூஜ்தான். தன் குடும்பத்தையே தின்ற ஆட்சியை விரட்டிய படையை, அந்த ஆட்சியின் பிரதிநிதியாக நின்று அவர் கண்டித்தார். வியட்நாம் உடனே வெளியேற வேண்டும் என்றார்.

சிஹானுக்கை யாரோ மிரட்டிப் பேசவைத்தார்கள் என்று சொல்லிவிட்டால் கதை எளிதாகிவிடும். ஆனால் அவர் அஞ்சியது உண்மையாகவே அஞ்ச வேண்டியதற்குத்தான். மேகாங் ஆற்றின் கழிமுகம் ஒருகாலத்தில் கெமர் நிலம். இன்றைய ஹோ சி மின் நகரமான சைகோனுக்குக் கெமர் மொழியில் இன்னும் பிரே நொகோர் என்றுதான் பெயர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வின் தே கால்வாயை வெட்ட வியட்நாம் மன்னர் கெமர் கூலிகளைப் பிடித்துச் சென்றார். வேலையில் மாண்டவர்கள் ஏராளம். கூலிகளைக் கழுத்தளவு மண்ணில் புதைத்து, மூன்று தலைகளை அடுப்புக் கல்லாக்கி, மேற்பார்வையாளருக்குத் தேநீர் கொதிக்கவைத்தார்கள் என்பது அங்கே தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் கதை. அது அப்படியே நடந்ததா என்று யாரும் நிரூபிக்கவில்லை. ஆனால் அதைக் கேட்டு வளராத கம்போடியக் குழந்தை குறைவு. 1979இல் கம்போடியர்களைக் காப்பாற்ற வந்தது, அந்தக் கதையில் வருகிற அதே அண்டை நாட்டின் படை.

அந்நியப் படை அந்த மண்ணில் இறங்கியது அது முதல் முறையும் அல்ல. 1969 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்கள் கம்போடியாவின் மீது 5 லட்சம் டன் அளவுக்குக் குண்டு போட்டன. 1970 மார்ச்சில் சிஹானுக்கைக் கவிழ்த்து ஜெனரல் லான் நோல் ஆட்சியைப் பிடித்தார். சில வாரங்களிலேயே அமெரிக்கப் படையும் தென்வியட்நாம் படையும் எல்லை தாண்டி உள்ளே நுழைந்தன. வடவியட்நாமின் மறைவிடங்களை அழிப்பதுதான் நோக்கம் என்று வாஷிங்டன் சொன்னது. காட்டுக்குள் சிறு கும்பலாக இருந்த கெமர் ரூஜ் ஐந்தே ஆண்டில் நாட்டைப் பிடிக்கும் படையானதற்கு அந்தக் குண்டுகளும் ஒரு காரணம். எரிந்த கிராமத்திலிருந்து எழுந்து வந்த பையனிடம் அவர்களால் எளிதாகத் துப்பாக்கியைக் கொடுக்க முடிந்தது.

1975 ஏப்ரல் 17 அன்று புனோம் பென் விழுந்தது. சில நாட்களுக்குள் நகரம் முழுவதும் வெளியேற்றப்பட்டது. மருத்துவமனையில் படுத்திருந்தவர்களைக்கூட விடவில்லை. பணம் ஒழிக்கப்பட்டது. சந்தை, பள்ளி, புத்த விகாரை எல்லாம் மூடப்பட்டன. மூன்று ஆண்டு எட்டு மாதம் இருபது நாள் என்று கம்போடியர்கள் இன்றும் வாய்ப்பாடாகச் சொல்லும் அந்தக் காலத்தில், 80 லட்சத்துக்குச் சற்றுக் குறைவான மக்கள்தொகையில் 17 முதல் 20 லட்சம் பேர் பட்டினியாலும் நோயாலும் கொலையாலும் இறந்தார்கள்.

உலகத்துக்கு இது தெரியாமல் இல்லை. தாய்லாந்து எல்லைக்குத் தப்பி வந்தவர்கள் 1975 முதலே சொல்லிக்கொண்டிருந்தார்கள். எந்த அரசும் அசையவில்லை. வியட்நாமும் அவர்களுக்காக அசையவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். கெமர் ரூஜ் எல்லை தாண்டி வியட்நாமியக் கிராமங்களைத் தாக்கியது. 1978 ஏப்ரலில் பா சுக் என்ற ஒரே ஊரில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அதன் பிறகே ஹனோய் முடிவெடுத்தது. கெமர் ரூஜிலிருந்து தப்பி வியட்நாமுக்கு ஓடிவந்த ஹெங் சாம்ரின், ஹுன் சென் போன்றவர்களை வைத்து 1978 டிசம்பர் 2 அன்று ஒரு மீட்பு முன்னணி அறிவிக்கப்பட்டது. டிசம்பர் 25 அன்று ஏறத்தாழ ஒன்றரை லட்சம் வியட்நாம் வீரர்கள் நுழைந்தார்கள். இரண்டே வாரம். ஜனவரி 7 அன்று ஆளில்லாத தலைநகருக்குள் அவர்களுடைய டாங்கிகள் உருண்டன.

அடுத்த நாட்களில் படையோடு வந்த ஹோ வான் டே என்ற ஒளிப்பதிவாளர் பிண நாற்றத்தைப் பின்தொடர்ந்து ஒரு பள்ளிக்கூட வளாகத்துக்குள் போனார். அதுதான் துவோல் ஸ்லெங் சிறை. வகுப்பறைகளில் இரும்புக் கட்டில்களோடு சங்கிலியால் பிணைத்த உடல்கள் கிடந்தன. அங்கே கொண்டுவரப்பட்ட பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் உயிர் தப்பியவர்களை விரல்விட்டு எண்ணலாம். அவர் எடுத்த படமே உலகம் அந்த இடத்தைக் கண்ட முதல் சாட்சி. அந்நியப் படைதான் அந்தச் சாட்சியைக் கொண்டுவந்தது என்பதாலேயே, அது வியட்நாமின் ஜோடனை என்று சொல்பவர்கள் பிற்காலத்தில் கிளம்பினார்கள்.

சாலைகளில் ஜனம் நடந்தது. கூட்டுப் பண்ணைகளிலிருந்து விடுபட்டவர்கள் கணவனை, குழந்தையை, சொந்த ஊரைத் தேடி நாட்டின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நடந்தார்கள். போருக்கு முன் இருந்த சுமார் ஐந்நூறு மருத்துவர்களில் ஐம்பது பேர்கூட மிஞ்சவில்லை. காசு இல்லாததால் அரிசியும் தங்கத் துணுக்கும் பண்டமாற்றாயின. ரியெல் நாணயம் திரும்ப வந்தது 1980 மார்ச்சில்தான். பிழைத்த ஆசிரியர்களை வைத்து, ஓரளவு எழுதப் படிக்கத் தெரிந்தவர்களையும் சேர்த்துக்கொண்டு 1979 இறுதிக்குள் பள்ளிகள் திறக்கப்பட்டன. வியட்நாம் நுழைந்ததைப் பற்றி எந்த வாதம் நடந்தாலும் இந்தப் பள்ளிகளிலிருந்தே அது தொடங்க வேண்டும். படையெடுப்பு ஓராண்டு தள்ளிப்போயிருந்தால் அந்த வகுப்பறைகளில் உட்காரப் பிள்ளைகள் இன்னும் குறைவாகவே இருந்திருப்பார்கள்.

ஆனால் ஐ.நா.வில் வாதம் வேறு இடத்திலிருந்து தொடங்கியது. அந்நியப் படைகள் வெளியேற வேண்டும் என்ற தீர்மானம் ஜனவரி 15 அன்று பாதுகாப்பு அவையில் 13க்கு 2 என ஆதரவு பெற்றது. சோவியத் யூனியன் வீட்டோவால் தடுத்தது. செப்டம்பரில் கம்போடியாவின் இருக்கை யாருக்கு என்ற கேள்வி பொதுச் சபைக்கு வந்தபோது 71 நாடுகள் கெமர் ரூஜ் தலைவர் போல் போட்டின் அணிக்கே கொடுத்தன. எதிர்த்தவை 35, ஒதுங்கியவை 34. இருக்கையை யாருக்கும் தராமல் காலியாக விடலாம் என்று இந்தியா முன்வைத்த யோசனை எடுபடவில்லை. அந்த மாதத் தொடக்கத்தில் ஹவானாவில் கூடிய அணிசேரா நாடுகள் அப்படித்தான் செய்திருந்தன.

இந்த விவாதத்தில் தமிழ் வாசகர் கவனிக்க வேண்டிய ஒரு குரல் உண்டு. சிங்கப்பூரின் வெளியுறவு அமைச்சர் எஸ். ராஜரத்தினம், யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்து மலாயாவில் வளர்ந்தவர். வியட்நாமுக்கு எதிராக ஆசியான் நாடுகளைத் திரட்டியவர்களில் முன்வரிசையில் நின்றார். 1980இல் அவருக்குப் பின் அந்தப் பொறுப்பை ஏற்ற எஸ். தனபாலனும் தமிழர்தான், அவரும் அதே வழியில் போனார். ஒரு நாட்டின் ஆட்சி எவ்வளவு கொடியதாக இருந்தாலும் பெரிய அண்டை நாடு படையை அனுப்பி அதை மாற்றலாம் என்று ஒருமுறை ஒப்புக்கொண்டால், நாளைக்குச் சிறு நாடு எதற்கும் பாதுகாப்பில்லை என்பது அவர்கள் வாதம். சுற்றிலும் பெரிய நாடுகள் சூழ்ந்த ஒரு தீவிலிருந்து வரும் இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது.

இருந்தும் அது எல்லா இடத்திலும் ஒரே அளவில் பேசப்படவில்லை. உகாண்டாவுக்குள் புகுந்திருந்த தான்சானியப் படை அதே 1979 ஏப்ரலில் இடி அமீனை விரட்டியது. ஐ.நா. கண்டனம் எதுவும் நிறைவேற்றவில்லை. செப்டம்பரில் பிரெஞ்சுப் படை மத்திய ஆப்பிரிக்காவில் பொக்காசாவைக் கவிழ்த்தது. அதுவும் சத்தமில்லாமல் போனது. கம்போடியாவில் மட்டும் கொள்கை அவ்வளவு உறுதியாக நின்றதற்குக் காரணம், வியட்நாமுக்குப் பின்னால் மாஸ்கோ இருந்ததும், எதிரே பெய்ஜிங்கும் வாஷிங்டனும் கைகோத்திருந்ததும்தான். வியட்நாமுக்குப் பாடம் புகட்டுவதாகச் சொல்லி 1979 பிப்ரவரி 17 அன்று சீனா அதன் வட எல்லையைத் தாக்கியது. அப்போது சீனப் பயணத்தில் இருந்த இந்திய வெளியுறவு அமைச்சர் வாஜ்பாய் பயணத்தைப் பாதியில் முறித்துக்கொண்டு திரும்பினார். 1980 ஜூலையில் இந்திரா காந்தி அரசு புனோம் பென்னில் அமைந்த ஹெங் சாம்ரின் ஆட்சியை அங்கீகரித்தது.

வியட்நாமும் தன் நியாயத்தைச் சரியாகச் சொல்லவில்லை. மக்களைக் காப்பாற்றப் போனோம் என்று அது ஐ.நா.வில் வாதிடவில்லை. எல்லையில் தற்காப்புப் போர் ஒன்று, உள்ளே கம்போடியர்களே நடத்திய புரட்சி இன்னொன்று, இரண்டும் வேறு என்றது. ஒன்றரை லட்சம் படையை வைத்துக்கொண்டு சொன்ன அந்த இரண்டாவது வாதத்தை யாரும் நம்பவில்லை.

பிறகு அந்தப் படை பத்தாண்டு தங்கியது. இந்தியப் படை 1971 டிசம்பரில் வங்கதேசப் போரை முடித்து அடுத்த மார்ச்சிலேயே வெளியேறியது. கம்போடியாவில் அப்படி நடக்கவில்லை. அமெரிக்காவோடு பாரிஸில் பேச்சு நடத்திய வியட்நாம் தலைவர் லெ டக் தோ, கம்போடிய விவகாரங்களைப் பின்னணியிலிருந்து நடத்தினார். ஒவ்வொரு அமைச்சகத்திலும் மாகாணத்திலும் வியட்நாம் ஆலோசகர்கள் உட்கார்ந்தார்கள். 1981இல் பிரதமரான பென் சோவன் தன் போக்கில் பேச ஆரம்பித்ததும் அந்த டிசம்பரிலேயே கைதுசெய்து ஹனோய்க்குக் கொண்டுபோனார்கள். பத்தாண்டுக்குப் பிறகே அவர் நாடு திரும்பினார். தாய்லாந்து எல்லையில் அரண் எழுப்பும் கே5 திட்டத்துக்காக லட்சக்கணக்கான விவசாயிகள் காட்டுக்குள் ஓட்டப்பட்டார்கள். மலேரியாவும் கண்ணிவெடியும் அவர்களில் ஆயிரக்கணக்கானவர்களைத் தின்றன. கெமர் ரூஜ் காலத்துக் கட்டாய உழைப்பிலிருந்து மீண்டவன் மறுபடி மண்வெட்டியோடு வரிசையில் நின்றான். அவனிடம் போய் ஜனவரி 7ஐ விடுதலை நாள் என்று சொல்வது கடினம்.

அதே சமயம் எல்லைக்கு அப்பால் என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். தோற்று ஓடிய கெமர் ரூஜுக்குச் சீனா ஆயுதம் கொடுத்தது, தாய்லாந்து வழிவிட்டது, அகதி முகாம்களுக்குப் போன சோற்றில் அவர்களும் உடல் தேறினார்கள். 1982 ஜூனில் கோலாலம்பூரில் சிஹானுக், முன்னாள் பிரதமர் சோன் சான், கெமர் ரூஜின் கியூ சம்பான் மூவரையும் ஒரே கூட்டணியில் கட்டினார்கள். ஐ.நா. இருக்கை அந்தக் கூட்டணியிடமே இருந்தது. கம்போடியாவுக்குள் வாழ்ந்த மக்களுக்கு அவசர நிவாரணத்துக்கு மேல் வளர்ச்சி உதவி பத்தாண்டாக மறுக்கப்பட்டது. அங்கோர் வாட் கோயிலைச் சீர்செய்யக்கூடப் பெரும்பாலான நாடுகள் வரவில்லை. இந்தியத் தொல்லியல் துறைதான் 1986 முதல் 1993 வரை அங்கே வேலை பார்த்தது.

வியட்நாமை வலுவிழக்கச்செய்யும் கணக்கில் ஒரு சமூகத்தின் கொலையாளிகளுக்கு உயிர்கொடுத்தது, வியட்நாம் செய்த எந்தத் தவறையும்விடப் பெரிய தவறு. வியட்நாம் சீக்கிரம் வெளியேற முடியாமல் போனதற்குக்கூட அதுவே ஒரு பெரிய காரணம். படை போனால் போல் போட் திரும்பிவருவான் என்ற அச்சம் எல்லையில் கண்ணெதிரே நின்றது.

சோவியத் உதவி வற்றியதும் 1989 செப்டம்பரில் கடைசி வியட்நாம் படைப்பிரிவு வெளியேறியது. அடுத்த மார்ச்சில் இந்திய அமைதிப்படையும் இலங்கையிலிருந்து கப்பலேறியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களையும், யாழ்ப்பாணத்தில் ஆறாத காயங்களையும் அந்தப் படை நடவடிக்கை விலையாகக் கேட்டிருந்தது. வரவேற்பு மாலையோடு உள்ளே போகும் படைக்கும் வெறுப்போடு வெளியேறும் படைக்கும் இடையே எவ்வளவு குறுகிய காலம் என்பதை ஈழத்தமிழருக்கு யாரும் கம்போடியாவைக் காட்டி விளக்க வேண்டியதில்லை.

1991 அக்டோபர் 23 அன்று பாரிஸ் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஐ.நா.வே சுமார் 22,000 பேரை அனுப்பி, 160 கோடி டாலருக்கு மேல் செலவழித்து, 1993 மே மாதம் தேர்தல் நடத்தியது. வாக்காளர்களில் பத்தில் ஒன்பது பேர் வந்து வாக்களித்தார்கள். சிஹானுக்கின் மகன் இளவரசர் ரணரித்தின் கட்சி 58 இடம்; ஹுன் சென்னின் கட்சி 51. தோற்றவர் விலக மறுத்ததால் நாட்டுக்கு இரண்டு பிரதமர்கள் அமர்ந்தார்கள். 1997 ஜூலையில் ஹுன் சென் ஆயுத பலத்தால் மற்றவரை வெளியேற்றினார். காவல்துறை, ராணுவம், கிராம நிர்வாகம் எல்லாமே வியட்நாம் காலத்தில் கட்டப்பட்டு அவர் கையில் இருந்தவை. தேர்தல் நடத்த வந்த ஐ.நா. அவற்றைத் தொடவில்லை. 1985இல் பிரதமரான அவர் 2023இல்தான், அதுவும் தன் மகன் ஹுன் மானெட்டிடம், நாற்காலியைக் கொடுத்தார்.

வாதம் இன்றும் அரசியலாகவே நடக்கிறது. ஜனவரி 7 அரசு விடுமுறை. எதிர்க்கட்சியினர் கொண்டாடிவந்த அக்டோபர் 23 விடுமுறை 2020இல் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. கெமர் ரூஜ் குற்றங்களை மறுப்பது குற்றம் என்று 2013இல் சட்டம் வந்தது. 2019இல் சிங்கப்பூர்ப் பிரதமர் லீ சியென் லூங், தாய்லாந்தின் முன்னாள் பிரதமர் பிரேமின் மறைவுக்கு எழுதிய இரங்கலில் வியட்நாமின் படையெடுப்பு என்று குறிப்பிட்டார். ஹனோயும் புனோம் பென்னும் உடனே மறுப்புத் தெரிவித்தன. நாற்பது ஆண்டுக்குப் பின்னும் ராஜரத்தினத்தின் வாதமும் அதற்கான பதிலும் அப்படியே இருந்தன.

இதில் யாரும் அதிகம் பேசாத தரப்பு தொன்லே சாப் ஏரியில் மிதக்கும் வீடுகளில் வாழும் வியட்நாமிய மீனவர்கள். தலைமுறைகளாக அங்கேயே பிறந்தவர்கள். 1975இல் கெமர் ரூஜ் அவர்களில் பெரும்பகுதியை விரட்டியது, மிஞ்சியவர்களைப் பின்னர் கொன்றது. அந்தக் கொலைகளை இனப்படுகொலை என்று 2018இல் புனோம் பென் சிறப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1979க்குப் பின் திரும்பி வந்தவர்களை அக்கம்பக்கம் ஆக்கிரமிப்புப் படையோடு வந்தவர்களாகவே பார்த்தது. 1993 மார்ச்சில், தேர்தலுக்கு இரண்டு மாதம் முன்பு, சோங் நியாஸ் என்ற மிதக்கும் ஊரில் கெமர் ரூஜ் அவர்களில் முப்பதுக்கும் மேற்பட்டவர்களைச் சுட்டுக் கொன்றது. அவர்களில் பலருக்குக் கம்போடிய அரசு இன்றுவரை குடியுரிமை தரவில்லை. 2010களின் பிற்பகுதியில் கையிலிருந்த பழைய ஆவணங்களையும் வாங்கிக்கொண்டு, வெளிநாட்டவர் அட்டையைக் கொடுத்தது.