விடியறதுக்கு முன்னால எழுதியவர்

எழுத்து உள்ளிருந்து பொங்கி வருவது, அது வரும்போதுதான் வரும் என்று காலங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். யார் சொன்னது இதை? சோறாக்கிப்போட ஒருத்தி, துணி துவைக்க ஒருத்தி என்று வீட்டில் ஆள் வைத்திருந்தவர்கள் சொன்னது. அவர்களால் காத்துக்கிடக்க முடியும். வேலை முடிந்து இடுப்பொடிந்து வீடு திரும்புகிறவர்களுக்கு அப்படியொரு பொழுதே கிடையாது. நம்மில் பலர் ஒரு தன்வரலாற்றோடோ ஒரு கதைத் தொகுப்போடோ நின்றுபோகிறார்கள். 'அவுங்க சரக்கு அவ்வளவுதான்' என்று விமர்சகர்கள் எளிதாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். எழுதுகிறவளின் நேரம் யார் கையில் இருந்தது என்று அவர்கள் கேட்பதே இல்லை.

1972ல் பம்பாயில் தலித் பேந்தர்கள் தங்கள் பெயரையே அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். அந்த மக்களின் போராட்டங்களை வாசித்த அளவுக்கு, அவர்களுடைய கதைக்காரர்கள் அன்றாடம் எப்படி எழுதினார்கள் என்பதை நாம் கவனித்ததில்லை. அதில் ஒருவரைப் பற்றிப் பேசலாம்.

ஆக்டேவியா பட்லர் 1947 ஜூன் 22ல் கலிபோர்னியாவின் பாசடீனாவில் பிறந்த கருப்பினப் பெண். அப்பா ஷூ பாலிஷ் போட்டவர், மகள் சிறுபிள்ளையாக இருக்கும்போதே செத்துப்போனார். அம்மா வெள்ளையர் வீடுகளில் வேலைக்காரி. சில நாள் மகளையும் கூட்டிப்போவார். பின்வாசல் வழியாகத்தான் உள்ளே போகணும். கேவலமான பேச்சுக்களைக் காதில் விழாத மாதிரி அம்மா வேலை செய்துகொண்டிருப்பதைப் பிள்ளை பார்த்தது. கோபம் அம்மா மேலேயே திரும்பியது. உன் வேலையை நான் ஒருநாளும் செய்யமாட்டேன் என்று அம்மாவிடமே சொன்னது. நமக்குத் தெரியாத கோபமா இது?

அந்த வீடுகளில் கழித்துப்போட்ட புத்தகங்களை வாரிக்கொண்டு வந்ததும் அதே அம்மாதான். பத்து வயதில் மகள் டைப்ரைட்டர் கேட்டு அடம்பிடித்தபோது வாங்கித் தந்ததும் அவர்தான். பன்னிரண்டு வயதில் தொலைக்காட்சியில் ஒரு மட்டமான செவ்வாய்க்கிரகப் படம் பார்த்துவிட்டு, 'இதைவிட நல்லா நான் எழுதுவேன்' என்று உட்கார்ந்தவர் பட்லர். அடுத்த வருஷம் அவருடைய சித்தி ஒருவர், கருப்பர்கள் எழுத்தாளராக முடியாது கண்ணு என்று அன்பாகத்தான் சொன்னார். கருப்பர் எழுதியதென்று தெரிந்து ஒரு அச்சடித்த வரியைக்கூட அதுவரை பட்லர் படித்ததில்லை. அதனால் பதில் சொல்ல அவருக்கு வழியில்லை.

1970ல் கிளாரியன் என்ற அறிவியல் புனைகதைப் பட்டறையில் ஆறு வாரம் இருந்தார். இரண்டு கதைகள் விலைபோயின. அதன்பிறகு ஐந்து வருஷம் ஒரு சொல்கூட விற்கவில்லை.

அந்த ஐந்து வருஷம்தான் நாம் படிக்க வேண்டிய பாடம். மகள் செகரட்டரி ஆகி நிரந்தரச் சம்பளம் வாங்கணும் என்பது அம்மாவின் ஆசை. பட்லரோ தற்காலிக வேலைகளையே தேடிப் போனார். பாத்திரம் கழுவினார், போனில் சாமான் விற்றார், உருளைக்கிழங்கு சிப்ஸ் ஆலையில் சொத்தைச் சிப்ஸ் பொறுக்கினார். கைக்குத்தான் வேலை, தலை தன்னுடையதாக இருக்கும். ராத்திரி இரண்டு, மூன்று மணிக்கு எழுந்து எழுதுவார். விடிந்ததும் வேலைக்குப் போவார்.

நம்ம ஊர்ப் பொம்பளைங்களும் கோழி கூவும் முன்னமே எழுந்திருக்கிறாங்க. அந்தப் பொழுது முழுக்க அடுப்புக்கும் அடுத்தவன் வயலுக்கும் போயிடுது. பட்லர் அதைத் தனக்கென்று பிடுங்கிக்கொண்டார். வேலைக்குப் போய்விட்டு வந்து மிச்சமிருக்கும் சக்தியில் எழுதினால், முதலாளிக்கு நல்ல நேரம், நம் எழுத்துக்கு எச்சில் நேரம். இந்தக் கணக்கை அவர் மாற்றிப் போட்டார்.

1976ல் முதல் நாவல் வந்தது. 1980க்குள் ஐந்து நாவல்கள் வந்துவிட்டன. அதில் 1979ல் வந்த 'கின்ட்ரெட்' முக்கியமானது. இன்றைய கருப்புப் பெண்ணொருத்தி அடிமைக்காலத்து மேரிலாந்துக்கு இழுத்துச் செல்லப்படுகிற கதை. அம்மாவின் பின்வாசல்தான் அதன் விதை. அவமானத்தை விழுங்கியவர்கள் கோழைகள் இல்லை, அவர்கள் விழுங்கியதால்தான் நாம் பிழைத்தோம் என்று தன் பழைய கோபத்துக்குத் தானே பதில் எழுதினார். அதற்காக மேரிலாந்துக்கு பஸ்ஸில் போய் வந்தார். ஜார்ஜ் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னான் பண்ணைவீட்டைப் பார்க்கப் போனபோது, சுற்றிக் காட்டியவர்கள் அடிமை என்ற சொல்லையே எடுக்காமல் 'பணியாளர்கள்' என்றே சொன்னார்களாம்.

எழுதத் தொடங்குகிறவர்களுக்காக 1993ல் ஒரு சிறு கட்டுரை எழுதினார். உந்துதலை நம்பாதே, பழக்கத்தை நம்பு. மனசு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பழக்கம் உன்னை உட்கார வைக்கும் என்பது அதன் சாரம். அவருடைய நோட்டுகளும் காகிதங்களும் இப்போது கலிபோர்னியாவின் ஹன்டிங்டன் நூலகத்தில் இருக்கின்றன, எட்டாயிரம் உருப்படிகளுக்கு மேல். எழுத்து வேலைக்கான அட்டவணை, வீட்டுச் செலவுக் கணக்கு, தனக்குத்தானே போட்டுக்கொண்ட கட்டளைகள் எல்லாம் அதில் உண்டு.

பழக்கம் இருந்தால் தடையே வராதா? வந்தது. 1993லும் 1998லும் வந்த இரண்டு 'பேரபிள்' நாவல்களுக்கு மூன்றாவதாக ஒன்றைத் திரும்பத் திரும்பத் தொடங்கினார், நகரவில்லை. ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிட்ட மருந்தும் எழுத்தை முடக்கியது. கடைசியில் அதை ஒதுக்கிவிட்டு வேறொரு கதையைப் பிடித்தார். 2005ல் அது நாவலாக வந்தது. 2006 பிப்ரவரி 24ல், 58 வயதில் இறந்துபோனார்.

ஒன்றை எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். 'பாத்தியா, உழைச்சா யாரும் முன்னேறலாம்' என்று இந்தக் கதையை நம்மிடமே திருப்பி விற்கப் பார்ப்பார்கள். பட்லரின் விடாப்பிடி மட்டும் போதவில்லை. அம்மாவின் கூலி இருந்தது, காசில்லாமல் படிக்கப் பொது நூலகம் இருந்தது, பட்டறை இருந்தது. 1995ல் கிடைத்த மெக்ஆர்தர் நல்கை 2,95,000 டாலர். ஏழைக் கருப்புப் பிள்ளைகளைக் கிளாரியனுக்கு அனுப்புவேன் என்று 1988ல் தன் நோட்டில் எழுதிவைத்தவர் அவர். செத்தபிறகு அவர் பெயரில் உதவித்தொகை வந்தது, நிறவெறிக்கு ஆளான மக்களின் பிள்ளைகள் இன்று அதில் போகிறார்கள். அவருடைய 1993 நாவல் நியூயார்க் டைம்ஸின் விற்பனைப் பட்டியலில் ஏறியது 2020ல்தான், செத்துப் பதினான்கு வருஷம் கழித்து.

ஆகவே தோழர்களே, இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று, ஒரு நாளில் எந்த நேரம் நமக்குச் சொந்தம் என்று முடிவுசெய்து, அரைப்பக்கமானாலும் அதில் எழுதுவது. இன்னொன்று, சேரியில் ஒரு படிப்பகம், எழுதுகிற பெண்ணின் பிள்ளையை ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்ள ஒரு ஆள், முதல் கதையைத் திருத்திக் கொடுக்க மூத்தவர் ஒருவர் என்று ஏற்பாடு செய்வது. முதலாவதைத் தனியாகச் செய்யலாம். இரண்டாவதை நாம் சேர்ந்துதான் செய்யணும், இன்னும் செய்யாமல் இருக்கிறோம்.