64 பேரில் ஒருவர்: விழித்திரைக் குருதியோட்டப் படமும் ஆரணித் தறியும்

சென்னை கிளாக்கோமா ஆய்வின் கிராமப்புறப் பகுதி 2005இல் வெளியானது. திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களில் 40 வயதை எட்டியோரில் 1.62 விழுக்காட்டினருக்குத் திறந்தகோணக் கண் அழுத்த நோய் (கிளாக்கோமா) இருந்தது. அந்த 64 பேரில் நோயை முன்பே அறிந்திருந்தவர் ஒரே ஒருவர். பழைய சோதனைகளுக்கு நோய் பிடிபடுவதில்லை, ஆகவே விழித்திரைக் குருதியோட்டப் படமே முதல் சோதனையாக வேண்டும் என்போர் இந்த எண்ணையே சான்றாக்குகின்றனர்.

எண் சரி, வாசிப்பு பிழை. எஞ்சிய 63 பேரைக் கண்டுபிடித்தவை அந்தப் பழைய சோதனைகளே: கண் அழுத்த அளவி, கோணநோக்கி, பார்வை நரம்பு வட்டைப் பரிசோதித்தல், பார்வைப் புலச் சோதனை. குருதியோட்டப் படத்தை எடுக்கும் ஓசிடி ஆஞ்சியோகிராபி அன்று மருத்துவமனைகளை எட்டியிருக்கவில்லை. தென்மாவட்டங்களில் நடந்த அரவிந்த் ஆய்விலும் (2003) இந்நோயாளிகளில் 93 விழுக்காட்டினர் அதுவரை கண்டறியப்படாதவர்கள். இரண்டு எண்களும் அளப்பது சோதனையின் கூர்மையை அன்று, சோதனையே நடக்காமையை.

குருதியோட்டப் படம் காட்டுவதும் அதன் பெயர் சொல்லும் அளவுக்கு இல்லை. ஒரே இடத்தை அடுத்தடுத்துப் படமெடுத்து, மாறுகிற புள்ளிகளை ஓடும் குருதி எனக் கொள்கிறது கருவி. அது தருவது பெரும்பாலும் குருதிக் குழாய்ச் செறிவு. ஓட்டத்தின் வேகம் அதில் இல்லை. கண்புரை சமிக்ஞையை மங்கச் செய்தால் செறிவும் குறைந்து தெரியும். கிட்டப்பார்வையில் நீண்ட கண் அளவைத் திரிக்கும். ஒரு டயாப்டருக்கு மேற்பட்ட கிட்டப்பார்வை இந்நோயோடு தொடர்புடையது என்று சொன்னதும் அரவிந்த் ஆய்வுதான். ஐயம் மிகுந்த கண்ணிலேயே படமும் தடுமாறுகிறது. சில கண்களில் குருதிக் குறைவு முந்தித் தெரியலாம். ஆயினும் நரம்பணு மடிந்ததால் குருதி குறைந்ததா, குறைந்ததால் மடிந்ததா என்பதை ஒற்றைப் படம் சொல்லாது.

பட்டு நெசவு ஊரான ஆரணி இவ்விரு ஆய்வுகளிலும் இல்லை; அதன் நோய் விகிதத்தை இவற்றிலிருந்து ஊகிக்க முனையவில்லை. ஆனால் இந்நோய் பெரும்பாலும் மையப் பார்வையைக் கடைசியில்தான் தொடுகிறது. அறுந்த பாவிழையைப் பிணைக்கவும் சரிகையின் ஓட்டத்தைக் கவனிக்கவும் வேண்டியது அந்த மையமே. ஓரம் தேய்ந்த பின்னும் தறி ஓடும். நெசவு இந்நோயைக் காட்டிக்கொடுக்காது. நெசவாளரைக் கண் மருத்துவரிடம் அனுப்புவது நாற்பதை ஒட்டி வரும் வெள்ளெழுத்து. கண்ணாடி எண்ணோடு அந்த வருகை முடிந்தால் 64இல் ஒருவர் என்ற கணக்குத் தொடரும்.

கருவியின் விலை இறங்கிவிடும் என்பது பதிலாகாது. கேள்வி விலையைப் பற்றியதன்று; எந்தக் கட்டத்தில் எந்தச் சோதனை என்பதைப் பற்றியது. விழித்திரை நரம்பிழை அடுக்கின் தடிமன் மேலும் குறைய இடமில்லாத முற்றிய நிலையில் குழாய்ச் செறிவின் சரிவு இன்னும் அளக்கத்தக்கது என்பதால், குருதியோட்டப் படத்துக்கு வலுவான இடம் தொடர்கண்காணிப்பில் இருக்கிறது. ஆரணியில் முதலில் வேண்டியது, வெள்ளெழுத்துக் கண்ணாடிக்கு வருபவரின் நரம்பு வட்டை ஒருமுறை பார்ப்பது.