சாய்த்துக் கட்டிய துப்பாக்கி

முதல் உலகப் போர் நடந்த 1915 கோடையில் பிரிட்டிஷ் விமானிகளுக்கு ஒரு பெரிய தலைவலி. புரொப்பெல்லர் மூக்கிலேயே சுழல்கிறது. நேராகச் சுட்டால் தன் விமானத்தைத் தானே உடைத்துக்கொள்ள வேண்டும். சுழலும் இடைவெளியில் குண்டை அனுப்பும் பொறியமைப்பு ஜெர்மனியரின் ஃபோக்கர் விமானத்தில் வந்துவிட்டது, பிரிட்டிஷாரிடம் இல்லை.

லேனோ ஹாக்கர் ராயல் எஞ்சினியர்ஸிலிருந்து விமானப் பிரிவுக்கு வந்தவர். கை சும்மா இருக்காது. மெக்கானிக் எர்னஸ்ட் எல்டனோடு சேர்ந்து, தன் பிரிஸ்டல் ஸ்கவுட்டின் இடப்பக்கம் ஒரு லூயிஸ் துப்பாக்கியைச் சாய்வாகப் பொருத்தினார். குண்டு புரொப்பெல்லருக்கு வெளியே போகும். ஆனால் விமானம் ஒரு பக்கம் போக, துப்பாக்கி வேறு பக்கம் சுடும்; அந்தக் கோணத்தை மனதில் கணக்கிட்டபடியே விமானத்தையும் ஓட்ட வேண்டும். ஜூலை 25 அன்று, பெல்ஜியத்தின் ஈப்ர நகரையொட்டிய வானில், இந்த ஏடாகூடமான ஏற்பாட்டோடு மூன்று ஜெர்மன் விமானங்களைத் தாக்கினார். ஒன்று தப்பியது. ஒன்று அடிபட்டுத் தரையிறங்கியது. மூன்றாவது பிரிட்டிஷ் பகுதிக்குள் விழுந்தது. விக்டோரியா கிராஸ் பதக்கம் கிடைத்தது.

அவர் கணக்கில் மொத்தம் 7 வெற்றிகள். பின்னால் வந்த பிரிட்டிஷ் விமானி ஆல்பர்ட் பாலுக்கு 44. எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர்களுக்கு ஹாக்கர் பிடிபடவே மாட்டார்.

பிறகு 24-ஆம் ஸ்குவாட்ரனின் தலைமை அவருக்கு வந்தது. அங்கே பறந்த டி.எச்.2 விமானத்தில் எஞ்சின் விமானிக்குப் பின்னால். முன்னால் தடையே இல்லை. ஆனால் அது எளிதில் சுழலில் சிக்கும். அப்படிச் சிலர் இறந்தும் போனார்கள். ஹாக்கர் மேலே ஏறி, வேண்டுமென்றே விமானத்தைச் சுழல விட்டு மீட்டுக் காட்டினார். அதன் துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிச் சுடுவதைவிட, நேராக நிறுத்திவிட்டு விமானத்தாலேயே குறிபார்ப்பது மேல் என்பது விமானிகளின் அனுபவம். மேலதிகாரிகள் சம்மதிக்கவில்லை. துப்பாக்கியை நேராகப் பிடித்து நிறுத்தி, தேவைப்பட்டால் கழன்றுகொள்ளும் ஒரு கிளிப்பைச் செய்து பொருத்தினார் ஹாக்கர். இரு தரப்புக்கும் திருப்தி! உயரத்துக் குளிரில் கால் விறைக்காமலிருக்க, தொடை வரை ஏறும் ஆட்டுத்தோல் பூட்ஸும் அவர் யோசனைதான்.

1916 நவம்பர் 23. பிரான்சின் பபோம் அருகே, இரட்டைத் துப்பாக்கி ஏந்திய அல்பட்ரோஸ் விமானத்தில் வந்த ஜெர்மன் விமானி ரிக்தோஃபனோடு நெடுநேரம் வட்டமடித்தார். மேலைக்காற்று இருவரையும் ஜெர்மன் பகுதிக்குள் தள்ளிக்கொண்டே போனது. ஹாக்கர் திரும்பிப் பறக்க முயன்றபோது தலையில் குண்டு பாய்ந்தது. வயது 25.

திறமையில் குறைவில்லை, விமானம்தான் பழசாகிவிட்டது. அப்படியும் 24-ஆம் ஸ்குவாட்ரன் 1917-லும் சில மாதங்கள் டி.எச்.2-களையே ஓட்டியது, டி.எச்.5 அதன் பிறகுதான் வந்தது.