140 பைட்டுக்குள் தமிழ்: குறுஞ்செய்தி வரலாற்றில் ஒரு பக்கம்

ஒரு மொழியினர் தம் எழுத்தைக் கைவிடுவதற்குக் காரணம் கேட்டால், ஆட்சி மாற்றம், கல்விக் கொள்கை எனப் பெருங்காரணங்களையே தேடுவோம். நம் கண்முன் தமிழ் இளையர் பலர் ரோமன் எழுத்தில் தமிழ் எழுதத் தொடங்கியதற்கு மிகச் சிறிய காரணம் ஒன்றும் உண்டு. அது குறுஞ்செய்தியின் கொள்ளளவு.

1992 டிசம்பர் 3ஆம் நாள், இங்கிலாந்தில் நீல் பாப்வொர்த் என்னும் இளம் பொறியாளர் தம் கணினியிலிருந்து ஒரு கைப்பேசிக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பினார். அதுவே முதற் குறுஞ்செய்தி. ஒரு செய்திக்கு 140 பைட் என்பது அதன் தர வரையறை. ரோமன் எழுத்து ஒன்றுக்கு 7 பிட் போதும்; ஆகவே 160 எழுத்துகள் அடங்கும். யூனிகோடு முறையில் தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு 16 பிட் தேவை. ஆகவே 70 குறியீடுகளே அடங்கும்.

குறியீடு வேறு, எழுத்து வேறு என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். ‘வணக்கம்’ இலக்கணப்படி ஐந்தெழுத்து. புள்ளிகள் தனியே எண்ணப்படுவதால் யூனிகோடில் அது ஏழு குறியீடு, அதாவது 112 பிட். அதே சொல்லை ரோமன் எழுத்தில் எட்டெழுத்தாக எழுதினால் 56 பிட், சரிபாதி. செய்திக்கு இவ்வளவு காசு என்றிருந்த காலத்தில் தமிழெழுத்து இருமடங்கு விலையுடையதாயிற்று. அன்றைய கைப்பேசிகள் பெரும்பாலானவற்றில் தமிழ் எழுத்துருவும் இல்லை. வந்த செய்தி வெறுங்கட்டங்களாகவே தெரிந்தது. ஆகவே ரோமன் எழுத்தை நாடிய இளையரை மொழிப்பற்று அற்றவர் எனப் பழிப்பது முறையன்று. அவர்கள் கருவியின் கணக்குக்கு இணங்கினார்கள்.

இந்நிலையில்தான், முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கிய மலேசியர் முத்து நெடுமாறனின் செல்லினம், 2005 பொங்கலையொட்டிச் சிங்கப்பூரில் வெளியிடப்பட்டது. அது ஜாவா நுட்பத்தில் இயங்கிய செயலி. கைப்பேசியில் எழுத்துரு இல்லாவிடினும், இத்தகைய செயலி தமிழ் எழுத்துகளைத் தானே திரையில் வரைந்து காட்டவல்லது. குறுஞ்செய்தித் தரத்தில் இதற்குத் துணையாக மற்றொரு வசதியும் உண்டு. செய்தியின் முகப்பில் ஒரு போர்ட் எண்ணைச் சேர்த்தால், கைப்பேசி அச்செய்தியை வழக்கமான பெட்டியில் இடாமல் உரிய செயலியிடம் ஒப்படைக்கும். அம்முகப்புக்கு 7 பைட் போக, எஞ்சுவது 133.

பன்னிரண்டு விசைகளில் 247 எழுத்துகளை அடக்குவது எங்ஙனம்? இதற்கு விடை நம் இலக்கண மரபிலேயே உள்ளது. தொல்காப்பியம் முதலெழுத்து முப்பது என்றது. 12 உயிரும் 18 மெய்யும் கைவசம் இருந்தால், 216 உயிர்மெய்யும் அவற்றின் சேர்க்கையாற் பிறக்கும். தமிழ் எழுத்துகள் மிகுதியானவை, கருவிக்கு ஒவ்வாதவை என்ற குற்றச்சாட்டுக்கு இதுவே மறுமொழி.

பின்னாளில் உலகத் தரத்திலேயே தமிழுக்கும் 7 பிட் அட்டவணை சேர்க்கப்பட்டது. ஆனால் அதற்குள் இணையவழிச் செய்திச் செயலிகள் வந்துவிட்டன. எழுத்தை எண்ணிக் காசு கொடுக்கும் காலமும் கழிந்தது. இன்று திறன்பேசிகளில் தமிழ் விசைப்பலகை உடன்வருகிறது.

தடை நீங்கியும் பழக்கம் நீங்கவில்லை என்பதே நம் கவலை. ரோமன் எழுத்தில் ‘பள்ளி’யும் ‘பல்லி’யும் ஒன்று, ‘மணம்’, ‘மனம்’ என்பனவும் ஒன்று. நாள்தோறும் அவ்வாறு எழுதும் மாணவர் தேர்வுத்தாளில் ல, ள, ழ வேறுபாட்டில் தடுமாறினால் வியப்பில்லை. கண் காணாத வேறுபாட்டைக் கை எவ்வாறு எழுதும்?

ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றே. கைப்பேசியைத் தமிழுக்குப் பகையெனக் கருதி வகுப்புக்கு வெளியே நிறுத்தாதீர்கள். பெற்றோருக்கு அனுப்பும் ஒரு செய்தியையேனும் மாணவர் நாள்தோறும் தமிழெழுத்தில் எழுதட்டும். கருவியின் கணக்கால் வந்த பழக்கத்தைக் கருவியைக் கொண்டே மாற்றலாம்.