நல்லெண்ணத்துக்கு யார் காவல்?

பூந்தமல்லி தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு இன்றைக்குக் குத்தம்பாக்கம் என்றால் புதுப் பேருந்து முனையம். முப்பது வருஷத்துக்கு முன்னால் அந்தப் பெயரை வெளியே கொண்டுபோனது ஒரு வடிகால்.

ரங்கசாமி இளங்கோ அந்த ஊர்த் தலித் குடும்பத்துப் பிள்ளை. கெமிக்கல் இன்ஜினியரிங் படித்து, மத்திய அரசின் அறிவியல் ஆய்வு அமைப்பில் வேலை பார்த்தவர். அந்த வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பி, 1996 உள்ளாட்சித் தேர்தலில் நின்று ஊராட்சித் தலைவரானார். வடிகால் கட்டும் வேலை வந்தபோது எஸ்டிமேட்டில் இருந்தது வழக்கமான உடைகல். இளங்கோ, பாலிஷ் போடும் ஆலைகள் கழித்துப்போட்ட கல் பலகைகளை வைத்துக் கட்டினார். செலவு நன்றாகக் குறைந்தது. ஆனா எஸ்டிமேட்ல எழுதின கல்லு இது இல்லையே! விசாரணை வந்தது, பின்னாலேயே இடைநீக்கமும் வந்தது.

ஒரு பைசா எடுக்காதவர், பணத்தை மிச்சம் பிடித்ததற்காகக் குற்றவாளி ஆனார். இப்படிப்பட்ட ஆளுக்குச் சட்டத்தில் பாதுகாப்பு கிடையாதா?

சிலருக்கு இருக்கிறது. 1961ஆம் வருஷத்து வழக்கறிஞர்கள் சட்டத்தின் 48ஆம் பிரிவைப் பாருங்கள். பார் கவுன்சிலோ அதன் உறுப்பினரோ நல்லெண்ணத்தோடு செய்த காரியத்துக்காக அவர்கள்மேல் வழக்குப் போட முடியாது. கம்பெனி இயக்குநர்களுக்கும் ஒரு வழி உண்டு. நேர்மையாகவும் நியாயமாகவும் நடந்துகொண்டவரை நீதிமன்றம் பொறுப்பிலிருந்து விடுவிக்கலாம் என்கிறது 2013 கம்பெனிச் சட்டத்தின் 463ஆம் பிரிவு.

இந்தக் குடையை எவ்வளவு அகலமாக விரிக்கலாம் என்பது பழைய சண்டை. லண்டனில் சிட்டி ஈக்விடபிள் என்ற காப்பீட்டுக் கம்பெனி 1922இல் கவிழ்ந்தது. மோசடி செய்த தலைவர் ஜெயிலுக்குப் போனார். கூட இருந்த இயக்குநர்கள்? சில விஷயங்களில் கவனக்குறைவாக இருந்தார்கள் என்று நீதிமன்றமே சொன்னது. ஆனாலும் தப்பித்தார்கள். வேண்டுமென்றே செய்த தவறு தவிர வேறு எதற்கும் அவர்கள் பொறுப்பல்ல என்று கம்பெனியின் விதியிலேயே எழுதி வைத்திருந்தார்கள். அந்தத் தீர்ப்பு 1924இல் வந்தது. அஞ்சே வருஷத்தில், 1929 சட்டத்தின் மூலம், இப்படித் தனக்குத்தானே மன்னிப்பு எழுதிக்கொள்ளும் விதிகள் செல்லாது என்று ஆக்கினார்கள். நம் 1956 கம்பெனிச் சட்டமும் அதே வழியில்தான் போனது.

சரி, ‘நல்லெண்ணம்’ என்றால் என்ன? இங்கேதான் வேடிக்கை. 1897ஆம் வருஷத்துப் பொது விதிகள் சட்டப்படி, நேர்மையாகச் செய்திருந்தால் போதும். கவனக்குறைவு இருந்தாலும் அது நல்லெண்ணம்தான். இந்திய தண்டனைச் சட்டத்தின் 52ஆம் பிரிவோ, உரிய கவனமும் அக்கறையும் இல்லாமல் செய்தது எதுவும் நல்லெண்ணம் ஆகாது என்றது. ஒரே சொல்லுக்கு ரெண்டு தராசு.

இளங்கோவை எந்தத் தராசில் நிறுத்தினாலும் தேறியிருப்பார். ஆனால் அவரை யாரும் நிறுத்தவில்லை. இந்தப் பாதுகாப்புகள் எல்லாம் வழக்கு என்று ஒன்று வந்தால்தான் உதவும். மேலிருக்கும் அதிகாரியின் பேனாவை அவை தடுக்காது. 1994 தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 205ஆம் பிரிவுப்படி, ஊர் தேர்ந்தெடுத்த தலைவரை நீக்கும் அதிகாரம் ஆய்வாளரிடம், அதாவது மாவட்ட ஆட்சியரிடம் இருக்கிறது. விளக்கம் கேட்க வேண்டும், ஊராட்சி உறுப்பினர்களின் கருத்தைத் தாசில்தார் கேட்டுச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகும் கடைசி முடிவு ஆட்சியருடையது. வக்கீல்களின் கவுன்சில் உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பவர்கள் வக்கீல்கள்; அவரை இப்படி ஒரு கலெக்டர் தூக்க முடியுமா?

குத்தம்பாக்கத்தில் இளங்கோவைக் காப்பாற்றியது கிராம சபை. கணக்கு, கல், செலவு எல்லாம் ஊர் கண்ணெதிரே நடந்தவை. சனம் கூடியது, எங்க தலைவர் தப்பு பண்ணலைன்னு சொன்னது. இடைநீக்கம் விலகியது. 2001இல் அதே ஊர் அவரை மறுபடியும் தேர்ந்தெடுத்தது.

இதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டு விட்டுவிடலாம். ஆனால் இளங்கோவுக்குப் படிப்பு இருந்தது, கோப்பு படிக்கத் தெரியும், பதில் எழுதத் தெரியும், பின்னால் ஒரு ஊர் நின்றது. இதில் ஒன்று குறைந்த தலைவர் என்ன செய்வார்? எஸ்டிமேட்டில் எழுதிய கல்லையே, எழுதிய விலைக்கே வாங்குவார். ஆடிட்டில் ஒரு கேள்வி வராது. மிச்சமாகியிருக்க வேண்டிய பணம் போனதுகூட யாருக்கும் தெரியாது. பயந்த நிர்வாகத்தின் செலவு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறுவதில்லை.

அடுத்த கிராம சபை உங்கள் ஊரில் நடக்கும்போது போய் உட்காருங்கள். தப்பு செய்கிற தலைவரைக் கேள்வி கேட்க மட்டுமில்லை, சரியாகச் செய்கிறவருக்குச் சாட்சியாக நிற்கவும் அங்கே ஆள் வேண்டும்.