இரண்டு இளவரசர்களும் ஒரு வெள்ளிக்காசும்

ரோமாபுரிக் காசு என்றாலே கரூர், அரிக்கமேடு என்றுதான் பேசுவோம். ஆனால் எங்கள் கருணாபுரத்துக்குக் கிழக்கே, மலையமான்கள் ஆண்ட திருக்கோவிலூரிலும் 1992-ல் ரோமானியப் பொற்காசுப் புதையல் கிடைத்தது. இந்தப் பதிவு பொன்னைப் பற்றியது அல்ல நண்பர்களே, வெள்ளியைப் பற்றியது.

ரோமானிய வெள்ளிக்காசின் பெயர் தினாரியஸ். அகஸ்டஸ் காலத்தில் ஏறக்குறைய 4 கிராம் எடை, கிட்டத்தட்ட சுத்த வெள்ளி. கொங்கு நாட்டில் இவை குவியலாகக் கிடைத்துள்ளன. பொள்ளாச்சியில் 1800-ல், உடுமலைப் பக்கம் பூதிநத்தத்தில் 1842-ல், கத்தாங்கண்ணியில் 1913-ல் (இங்கே மட்டும் 233 காசுகள்).

இவற்றில் இரண்டு வகைகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன.

முதல் வகையில் முன்பக்கம் அகஸ்டஸின் தலை. பின்பக்கம் அவருடைய பேரன்களான கேயஸ், லூசியஸ் இருவரும் நிற்கிறார்கள். நடுவில் கேடயங்களும் ஈட்டிகளும். "எனக்குப் பிறகு இவர்கள்தான்" என்று பேரரசு முழுவதற்கும் சொன்ன விளம்பரம் அது. ஆனால் லூசியஸ் கி.பி. 2-லும் கேயஸ் கி.பி. 4-லும் இறந்துபோனார்கள். பட்டத்துக்கு வந்தவர் திபேரியஸ். இரண்டாவது வகை அவருடையது. பின்பக்கம் செங்கோலும் கிளையும் ஏந்தி அமர்ந்திருக்கும் ஒரு பெண். அவருடைய தாய் லிவியா என்று பலர் கருதுகிறார்கள்.

அரியணை ஏறாத அந்தப் பேரன்களின் உருவம், அவர்கள் பெயரையே கேள்விப்படாத நம் மிளகு வணிகர் கைகளில் புழங்கியது! இவர்களுக்கு லத்தீன் எழுத்து தேவைப்படவில்லை. பழகிய படம் இருந்தால் நல்ல வெள்ளி என்று நம்பினார்கள். கி.பி. 64-ல் நீரோ மன்னன் எடையையும் வெள்ளியின் அளவையும் குறைத்தான். அதற்குப் பிந்தைய வெள்ளிக்காசுகள் நம் புதையல்களில் மிக அரிது. நம்மவர்கள் ஏமாறவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

யவனர்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூறு சொல்கிறது. எந்த மன்னன் காசு, எந்த ஆண்டு வரை என்பதைச் சொல்வது புதையல்தான். அதுவும் கலையாமல் முழுதாகக் கிடைத்தால் மட்டுமே. பத்துக் காசை உருக்கிக் கொலுசு செய்துவிட்டால் மிஞ்சுவது சில கிராம் வெள்ளி, தொலைவது ஒரு வரலாறு.

பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம். வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போதோ தென்பெண்ணைக் கரையிலோ பழைய காசு தட்டுப்பட்டால், தட்டாரிடம் போகுமுன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.